பகைச் சான்றிதழ்

தயிரக்காவிடம் தயிர் பானம் விற்க உரிமம் இருந்தது. அதைக் குளிர வைத்து விற்க உரிமம் இல்லை. வெயில் மண்டையைப் பிளக்கிற சந்தையில் வெதுவெதுப்பான தயிர் பானத்தை எவன் வாங்கிக் குடிப்பான் என்று நீங்கள் கேட்கலாம். கேட்பதற்கென்றே ஓர் அலுவலகம் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை மட்டும் திறப்பார்கள், அதுவும் அதிகாரி வந்தால்.

பானம் உணவுத் துறையைச் சேர்ந்தது. குளிர் என்பது குளிர் வாரியத்தைச் சேர்ந்தது. வெளிநாட்டுக் குளிர்பெட்டி எதுவும் எல்லையைத் தாண்டி உள்ளே வரக்கூடாது என்று தடை போட்ட பிறகு, உள்ளே இருக்கிற கொஞ்ச நஞ்சக் குளிரையும் யாராவது பதுக்கிவிடுவார்களோ என்ற கவலையில் பிறந்ததுதான் அந்த வாரியம். வாரியத் தலைவரின் அறையில் மட்டும் மூன்று குளிர்பெட்டிகள் இருக்கின்றன என்று சந்தையில் பேசிக்கொள்வார்கள். சந்தைக்காரர்களுக்கு எதையும் ஊதிப் பெரிதாக்கும் வழக்கம். இரண்டுதான் இருந்திருக்கும்.

ஆகவே ஏற்பாடு இப்படி. தயிரக்கா தன் மேடையில் உட்கார்ந்து தயிரைக் கடைந்து, அளவாகத் தண்ணீர் விட்டு, சர்க்கரையும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டு, எவர்சில்வர் குவளையில் ஊற்றி வாடிக்கையாளர் கையில் கொடுப்பாள். அவள் வேலை அதோடு சரி. வாடிக்கையாளர் அந்தக் குவளையை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு, தரையில் தீட்டியிருக்கும் மஞ்சள் கோட்டைத் தாண்டி அடுத்த மேடைக்குப் போக வேண்டும். அங்கே குளிர் உரிமம் பெற்ற ஐஸ்காரன் இருப்பான். குவளைக்கு மூடி போட்டு, உப்புக் கலந்த ஐஸ் நொறுக்கில் கழுத்து வரை புதைத்து, மேல் விளிம்பைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகச் சுற்றுவான். சுற்றி முடித்து வெளியே எடுத்தால் குவளையில் வியர்வை பூத்திருக்கும். குளிருக்குத் தனிக் கட்டணம். ஒரு ஐஸ் துண்டை எடுத்துக் குவளைக்குள் போட்டால் விஷயம் முடிந்தது. ஆனால் அது தண்ணீர்க் கலப்படம், இரண்டு பேரும் கம்பி எண்ண வேண்டியதுதான்.

மஞ்சள் கோடு சும்மா அழகுக்குப் போட்டதில்லை. தயிரக்காவின் கை ஐஸ் பெட்டியில் பட்டால் அவள் உரிமம் போச்சு. ஐஸ்காரன் கை அவள் பானையில் பட்டால் அவன் உரிமம் போச்சு. ஒரு நாளும் அப்படி நடக்காது என்று சந்தையே சத்தியம் செய்யும். ஏனென்றால் ஐஸ்காரன் அவளுடைய கூடப் பிறந்த தம்பி, இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

உடன்பிறந்தவர்கள் பிரிவதற்குச் சொத்து வேண்டும் என்பது பணக்காரர்களின் நினைப்பு. இல்லாதவர்களுக்கு ஒரு வாய் தயிர் போதும். சொந்தக்காரர் வீட்டு விருந்து ஒன்றுக்குத் தயிரக்கா தன் கையால் கடைந்து ஒரு பானை நிறையக் கொண்டுபோனாள். தம்பி ஒரு வாய் குடித்தான். சபையில் அத்தனை பேர் இருக்க, அவளுடைய மாமியார் பக்கத்துக் கூட்டமும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, "அக்கா, புளிச்சுப் போச்சு" என்றான். கூட்டம் சிரித்தது. தயிர் விற்கிறவளைப் பார்த்துப் புளிச்சுப் போச்சு என்றால் அதற்கு மேல் என்ன மிச்சம்? "புளிச்சது உன் நாக்கு" என்று அவள் ஆரம்பித்தாள். அவன் பதில் சொன்னான். அவள் கல்யாணத்தில் அவன் தூங்கியது வரை பேச்சு போனது. அன்றைக்கு நின்ற பேச்சுதான்.

அப்புறம் சந்தையில் மேடை ஒதுக்கினார்கள். சீட்டுக் குலுக்கிப் போட்டதில் இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து மேடை. அரசாங்கம் ஒரு குலுக்கலை நேர்மையாக நடத்தினால் இப்படித்தான் ஆகும்.

அவனுக்கு ஐஸை விட மனசு குளிர்ச்சி என்று ஊரில் சொல்வார்கள். அவளுக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். தனக்கு அந்தப் பக்கத்தில் இருக்கிற பழச்சாறுக்காரியின் குவளைகளைச் சட்டுச் சட்டென்று சுற்றிக் கொடுத்துவிடுவான். தயிரக்காவிடமிருந்து போகிற குவளை என்றால் மட்டும் கூடுதலாக இரண்டு சுற்று, மூன்று சுற்று. அதற்குள் வரிசை நீண்டுவிடும். வரிசையில் நிற்கிறவர்கள் உச் கொட்டுவார்கள். சிலர் பழச்சாறு பக்கம் நகர்ந்துவிடுவார்கள். தயிரக்கா மத்தை ஓங்கிக் கடைந்தபடி கூரையைப் பார்த்துச் சொல்வாள்: "சில பேருக்கு அடுத்தவ பொழப்பக் கெடுத்தாத்தான் ராத்திரி தூக்கம் வரும்." ஐஸ்காரனும் கூரையையே பார்ப்பான். பதில் வராது. சுற்று மட்டும் நிற்காது.

இப்படி நிம்மதியாகப் பகைத்துக்கொண்டிருந்த காலத்தில்தான் புதுச் சட்டம் வந்தது. சொந்தக்காரர்கள் பக்கத்துப் பக்கத்தில் பானமும் குளிரும் விற்றால் அது ஒரே கடை இரண்டு வேஷம் கட்டுவதாகும். அது ஏகபோகம். ஏகபோகம் அரசுக்கு மட்டுமே உரியது. எனவே இருவரின் உரிமமும் ரத்து. ஆனால் எல்லாச் சட்டத்துக்கும் ஒரு புழக்கடை வாசல் உண்டு. வாரியத்துப் பெரியவர் ஒருவருக்கு இரண்டு மச்சான்கள், இரண்டு பேரும் வியாபாரிகள், ஒருத்தர் முகத்தில் ஒருத்தர் விழிப்பதில்லை. அவர்கள் பாதிக்கப்படக்கூடாதே என்று ஒரு விலக்கு சேர்த்தார்கள்: உறவு முறிந்து, பகை நிலைத்திருக்கும் சொந்தக்காரர்கள் தொடர்ந்து விற்கலாம். வருஷா வருஷம் இரண்டு பேரும் நேரில் வந்து பகையை உறுதி செய்து சான்றிதழ் வாங்க வேண்டும்.

முதல் வருஷம் தயிரக்கா குஷியாகப் போனாள். அரசாங்கத்திடம் ஒரு பொய்கூடச் சொல்லாமல் ஒரு காகிதம் வாங்கியது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அதிகாரி கேட்டார், அவள் கொட்டினாள். புளிப்பில் ஆரம்பித்து, வேண்டுமென்றே இழுத்தடித்துச் சுற்றுகிறான் என்பது வரை. அதிகாரியின் கண்ணே கலங்கிவிட்டது. "இப்படித்தான்மா இருக்கணும்" என்று முத்திரை குத்திக் கொடுத்தார்.

அடுத்த தடவை போனபோதுதான் சனி பெஞ்சு வடிவத்தில் வந்தது. அதிகாரி சாப்பிடப் போயிருந்தார். காத்திருக்கிறவர்களுக்கு வராந்தாவில் ஒரே ஒரு பெஞ்சு. அதற்கும் நடுவில்தான் கால்கள். ஓரத்தில் ஒருவர் உட்கார்ந்தால் மறு ஓரத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் கவிழும். தயிரக்கா ஒரு ஓரம், தம்பி மறு ஓரம். அவள் சுவரைப் பார்த்தாள், அவன் வாசலைப் பார்த்தான். தாகம் எடுத்து அவன் திடுதிப்பென்று எழுந்தான். மறு நொடி தயிரக்கா புடவையும் பையுமாகத் தரையில் கிடந்தாள்.

"எந்திரிக்கிறவன் சொல்லிட்டு எந்திரிக்க மாட்டியா?" என்று கத்தினாள்.

"சொல்றதுக்கு நமக்குள்ள பேச்சு இருக்கா?"

அவள் திட்டுவதற்காக வாயைத் திறந்தாள். வந்தது சிரிப்பு. அவனும் சிரித்தான். தூக்கி உட்கார வைத்தான். இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவள், "உன் பொண்டாட்டி எப்படி இருக்கா?" என்றாள். "இருக்கா. உன்னத்தான் கேட்டுட்டே இருப்பா" என்றான். நீரடித்து நீர் விலகாது என்பார்கள். அந்த நீரைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பாதி நாள் காக்க வைத்தது மட்டும்தான் அரசாங்கத்தின் பங்கு. அதிகாரி சாப்பிட்டு, கண்ணயர்ந்து, எழுந்து வருவதற்குள் பழைய பாக்கிப் பேச்சில் முக்கால்வாசி முடிந்துவிட்டது.

உள்ளே கூப்பிட்டார்கள். இப்போது உண்மை சொன்னால் இரண்டு குடும்பத்துக்கும் உலை கொதிக்காது. தயிரக்காவின் வீட்டுக்காரர் தையல்காரர். சட்டை தைக்க வருகிறவர்களை விடக் கிழிந்ததை ஒட்டுப் போட வருகிறவர்கள்தான் அதிகம். தம்பிக்கு ஐஸ் பெட்டியை விட்டால் வேறு தொழில் தெரியாது. அவள் மூச்சை இழுத்துவிட்டாள். "இவன் மூஞ்சில முழிச்சா அன்னிக்குப் பால் கூடத் திரிஞ்சு போகுது சார்!" என்று ஆரம்பித்து ஒரு பிடி பிடித்தாள். தம்பி பதிலுக்கு மேஜையைத் தட்டினான். அதிகாரி நடுவில் புகுந்து விலக்கிவிட வேண்டியதாயிற்று. சான்றிதழில் 'பகை: மிகத் திருப்திகரம்' என்று எழுதிக் கொடுத்தார்.

அன்று முதல் சந்தையில் தினசரிக் கூத்து. காலையில் மேடையைத் துடைக்கும்போதே ஆரம்பித்துவிடுவார்கள். "உன் ஐஸ்ல குளிரே இல்லடா, ஏமாத்துக்காரா!" "உன் தயிர்ல தயிரே இல்ல, அத மொதல்ல பாரு!" ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பது பழமொழி. இங்கே கூத்தாடிகளே இரண்டுபட்டு நின்றதில் ஊருக்குக் கொண்டாட்டம். சண்டை பார்க்க வந்தவர்கள் தாகத்துக்கு ஒரு குவளை குடித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சந்தை விடுமுறை. அன்றைக்குப் புழக்கடை வழியாக இவள் அங்கே போவாள், அல்லது அவர்கள் இங்கே வருவார்கள். இரண்டு குடும்பமும் ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிடும். தம்பி பொண்டாட்டிதான் கவலைப்படுவாள். "நேத்து அண்ணி என்னைப் பத்தி சந்தையில அப்படிப் பேசினாங்களாமே?" என்பாள். "ஆய்வாளர் நின்னுட்டிருந்தாரு, அதான் ரெண்டு வார்த்த சேத்துப் பேசினேன், கோவிச்சுக்காத" என்று தயிரக்கா அவள் தட்டில் இன்னொரு கரண்டி வைப்பாள்.

அந்த ஆய்வாளருக்குச் சந்தையில் 'ரெண்டு குவளை' என்று பெயர். தர ஆய்வுக்கு ஒரு குவளை, அந்த ஆய்வு சரிதானா என்று பார்க்க இன்னொரு குவளை. இரண்டுக்கும் பணம் கொடுத்ததில்லை. இத்தனைக்கும் அரசே பையில் அடைத்து விற்கும் 'மக்கள் பானம்' சந்தை வாசலிலேயே கிடைத்தது. அதை ஆய்வாளர் தொட்டுப் பார்த்ததுகூட இல்லை. மற்றபடி நல்ல மனிதர். சண்டை களைகட்டாத நாளில் மட்டும், "என்னம்மா, இன்னிக்கு ரெண்டு பேரும் சமாதானமா?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார். அதைக் கேட்டதும் தயிரக்காவின் முதுகில் ஐஸ் வைக்காமலே குளிரும்.

அந்தக் கோடையில் ஒரு நாள் ஐஸ் தொழிற்சாலை வண்டி வரவில்லை. எரிபொருள் பங்கீடு முடிந்துவிட்டதாம். தம்பி பாளங்களைத் தன் தலையிலேயே சுமந்து வந்தான். தலையில் பனிக்கட்டி இருந்தாலும் வெயில் அவனை விடவில்லை. மத்தியானம், ஆய்வாளர் முதல் குவளையை முடித்து இரண்டாவதற்குக் கை நீட்டிய நேரம், சுற்றிக்கொண்டிருந்த கை நின்றது. தம்பி அப்படியே பெட்டியில் சாய்ந்து, சரிந்து, தரையில் விழுந்தான்.

யாரும் நகரவில்லை. சந்தைக்காரர்கள் கல்நெஞ்சக்காரர்கள் என்று அர்த்தமில்லை. குளிர் மேடைக்குள் உரிமம் இல்லாதவர் கால் வைக்கக்கூடாது என்று வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லி அவர்களுடைய கால்களுக்கே அது மனப்பாடமாகிவிட்டது. பழச்சாறுக்காரி "ஐயோ, ஐயோ" என்று கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்று கையைப் பிசைந்தாள். ஆய்வாளர் காலிக் குவளையோடு நின்றார்.

தயிரக்கா எழுந்த வேகத்தில் மத்து ஒரு பக்கம் பறந்தது. "அம்மா, கோடு!" என்று ஆய்வாளர் பழக்கதோஷத்தில் கூவினார். அவள் கோட்டைப் பார்க்கவே இல்லை. பெட்டிக்குள் இரண்டு கைகளையும் விட்டு ஐஸை அள்ளினாள். தம்பியின் தலையிலும் கழுத்திலும் அக்குளிலும் வைத்து அழுத்தினாள். "டேய்! டேய், கண்ணைத் தொறடா!" என்று கன்னத்தில் தட்டினாள். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். அவளுக்கு இரண்டுமே ஆடிக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரத்தில் அவன் இமை அசைந்தது. பழச்சாறுக்காரி சுற்றி ஓடிப்போய்த் தயிர்ப் பானையிலிருந்து கரண்டியில் மொண்டு, கோட்டுக்கு மேலாக நீட்டிய பானத்தை வாங்கி, அவன் தலையைத் தூக்கி, வெதுவெதுப்பாகவே கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள்.

அவன் கண்ணைத் திறந்ததும் முதலில் பார்த்தது அக்காவை. அடுத்து பார்த்தது ஆய்வாளரின் பூட்ஸை. "போ... அந்தப் பக்கம் போ..." என்று உதட்டுக்குள் சொன்னான். "அவரு பாக்கறாரு."

"பாக்கட்டும்" என்றாள் தயிரக்கா. அழுகையில் அது சரியாக வெளியே வரவில்லை.

ஆய்வாளர் தன் தொப்பியைக் கழற்றித் தம்பிக்கு விசிறிவிட்டார். வண்டி பிடித்து மருத்துவமனைக்கும் அனுப்பி வைத்தார். அப்புறம் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துப் புகார் எழுதினார். சந்தையே பார்த்திருக்கிறது, எழுதாமல் விட்டால் அவர் வேலை போய்விடும். நல்ல மனிதர் என்று சொன்னேன் அல்லவா, விசிறிவிட்ட பிறகுதான் எழுதினார்.

விசாரணைக்கு அதே அலுவலகம், அதே அதிகாரி. கோடு தாண்டியது ஒரு குற்றம், பகைச் சான்றிதழ் வைத்துக்கொண்டு பகை இல்லாமல் இருந்தது இன்னொரு குற்றம். தம்பிக்கு இன்னும் வலது கை நடுங்கிக்கொண்டிருந்தது. அதை மடியில் வைத்து இடது கையால் மூடியிருந்தான். அதிகாரிக்கு இவர்கள் மேல் ஒரு பிரியம். இவ்வளவு ஜோரான பகையை அவர் பணிக்காலத்தில் பார்த்ததில்லை. குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு வழி இருக்கும்மா. ஆபத்துல இருக்கிற அந்நியருக்கு உதவி பண்ணினா கோடு தாண்டலாம்னு விதி இருக்கு. சொந்தக்காரருக்குத்தான் இல்ல. பகை இருக்கிற சொந்தக்காரர்னா அந்நியர்தான? 'இவர் எனக்கு யாரும் இல்ல, தெருவுல எவன் விழுந்திருந்தாலும் செஞ்சிருப்பேன்'னு ரெண்டு பேரும் சொல்லிடுங்க. உரிமத்தை எடுத்துட்டுப் போயிட்டே இருங்க."

தம்பி முந்திக்கொண்டான். "இவங்க எனக்கு யாரும் இல்ல சார்." எங்கே அக்கா ஏதாவது உளறிவிடுவாளோ என்ற அவசரம் அவன் குரலில் இருந்தது. சொல்லிவிட்டு அவள் பக்கம் திரும்பி, சொல்லு என்று கண்ணால் காட்டினான்.

தயிரக்காவுக்கு இது ஒரு பெரிய விஷயமா? இந்த மேஜை முன்னாலேயே பாலைத் திரிய வைத்தவள். சந்தையில் தினமும் அவனை நாயே பேயே என்றவள். உலை, வாடகை, தையல் மிஷினில் குனிந்திருக்கும் வீட்டுக்காரர், எல்லாம் கண் முன்னால் வந்து நின்றன. வாயைத் திறந்தாள். சண்டை வந்தால் சொல்லலாம், கோபத்தில் எதையும் சொல்லிவிடலாம். இப்படிச் சாந்தமாக, அவன் நடுங்குகிற கையைப் பார்த்துக்கொண்டு, யாரும் இல்லை என்று சொல்ல அவளுக்கு நாக்கு புரளவில்லை.

"என் தம்பி சார்" என்றாள். "எனக்குக் கூடப் பொறந்தது இவன் ஒருத்தன்தான்."

"அம்மா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சா பொய்தான் சார் வரும்."

அதிகாரி பெருமூச்சு விட்டார். முத்திரையைத் தேடி எடுத்து இரண்டு உரிமங்களிலும் 'ரத்து' என்று குத்தினார். இரண்டு மேடைகளும் இனி மக்கள் பானத்துக்குப் போகும் என்றார். 'ரெண்டு குவளை' ஆய்வாளர் இனிமேல் அதைத்தான் குடித்தாக வேண்டும். இந்த வழக்கில் கிடைத்த ஒரே நியாயம் அதுதான்.

வராந்தாவில் அந்தப் பெஞ்சு அப்படியே கிடந்தது. ஆளுக்கொரு ஓரமாக உட்கார்ந்தார்கள். தயிரக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிழைப்பைக் கெடுத்துவிட்டாளே என்று அவன் திட்டப் போகிறான் என்று நினைத்தாள். திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராகவே இருந்தாள்.

"அக்கா" என்றான். "அன்னிக்கு என் வாயில ஊத்தினியே, அது புளிச்சிருந்துச்சு."

தயிரக்கா வெடுக்கென்று திரும்பினாள். "சாகக் கிடந்தவனுக்கு ருசி கேக்குதா? சந்தையில ஒருத்தர், ஒரே ஒருத்தர், இத்தன வருஷத்துல புளிப்புன்னு சொல்லியிருக்காங்களா?"

"எப்படிச் சொல்லுவாங்க? நல்லா ஜில்லுன்னு இருந்தா புளிப்பு நாக்குக்குத் தெரியாது. வெதுவெதுன்னு குடிச்சாத்தான் தெரியும்." கையால் காற்றில் ஒரு குவளையைச் சுற்றிக் காட்டினான். "அந்தப் பழச்சாறுக்கெல்லாம் சட்டுனு சுத்திக் குடுத்துட்டு, உன்னோடதுக்கு மட்டும் ரெண்டு சுத்து சேத்துச் சுத்தினேனே, எதுக்குன்னு நெனச்ச?"

எத்தனை நாள் கூரையைப் பார்த்துத் திட்டியிருக்கிறாள், எத்தனை முறை அந்தச் சுற்றை எண்ணி எண்ணி வயிறெரிந்திருக்கிறாள். முதல் சான்றிதழ் வாங்கியபோது அந்தச் சுற்றைத்தான் பெரிய ஆதாரமாகச் சொன்னாள், அதிகாரியின் கண் கலங்கியதும் அதைக் கேட்டுத்தான்.

"பேச்சே இல்லாதப்பவுமாடா?" என்றாள்.

"பேச்சுக்கும் சுத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்றான் அவன். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு, "எந்திரிக்கப் போறேன், பாத்துக்கோ" என்றான். அவளும் கூடவே எழுந்தாள்.